ஜூன் 19 விருந்துக்குப் போகலாமா?

தம்பி, ஹூஸ்டனுக்கு வந்து நான்கே மாதம் ஆகிறது, பக்கத்து வீட்டுக் கறுப்பினக் குடும்பம் ஜூன்டீன்த் விருந்துக்குக் கூப்பிட்டிருக்கிறது, 'அது அவர்கள் விழாவாயிற்றே, நாம் போகலாமா, என்ன சொல்லி வாழ்த்துவது' என்று கேட்டிருந்தீர்கள்.

கட்டாயம் போங்கள். 'ஹேப்பி ஜூன்டீன்த்' என்று சொன்னாலே போதும். ஆனால் அது என்ன நாள் என்று தெரிந்துகொண்டு போங்கள். இங்கு வந்த புதிதில் எனக்கு யாரும் சொல்லவில்லை.

உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, தெற்கில் கிளர்ச்சி செய்த மாநிலங்களின் அடிமைகளுக்கு விடுதலை என்ற அதிபர் லிங்கனின் பிரகடனம் 1863 ஜனவரி 1 அன்றே வந்துவிட்டது. டெக்சாஸ் பண்ணை முதலாளிகள் அதை மதிக்கவில்லை; மதிக்க வைக்க லிங்கனின் வடக்குப் படையும் இங்கே போதிய அளவில் இல்லை. 1865 ஜூன் 19 அன்றுதான் வடக்குப் படையின் ஜெனரல் கார்டன் கிரேஞ்சர், அடிமைகள் எல்லோரும் விடுதலை என்று கால்வெஸ்டனில் ஆணை போட்டார். அந்த நாள்தான் ஜூன்டீன்த். நம் ஊரிலிருந்து காரில் ஒரு மணி நேரம்தான் அந்த இடம். இந்த மாநிலத்தில் மட்டும் சுமார் 2,50,000 அடிமைகள். இரண்டரை வருடம், இரண்டு பருத்தி எடுப்பு, சட்டப்படி விடுதலையானவர்கள் கூலியில்லாமல் உழைத்திருக்கிறார்கள். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. அந்த ஆணையே கூட, இருக்கும் இடத்திலேயே அமைதியாக இருந்து கூலிக்கு வேலை செய்யுங்கள் என்றுதான் அவர்களிடம் சொன்னது.

அப்படி விடுதலையானவர்கள், இந்த நாளைக் கொண்டாட இடம் கிடைக்காமல், முன்னாள் அடிமையான போதகர் ஜாக் யேட்ஸ் போன்றவர்களின் முயற்சியில் காசு சேர்த்து 1872இல் இங்கே 10 ஏக்கர் நிலம் வாங்கினார்கள். அதுதான் எமான்சிபேஷன் பார்க். ஒரு மாலை குழந்தைகளோடு போய்ப் பாருங்கள். டெக்சாஸில் 1980 முதல் மாநில விடுமுறை. நாடு முழுவதற்கும் 2021இல்தான் ஆனது.

'அவர்கள் விழா' என்றீர்களே, ஒன்று சொல்கிறேன். 1946 சட்டப்படி இந்தியாவுக்கு ஆண்டுக்கு வெறும் 100 பேர் என்றுதான் குடியேற்ற ஒதுக்கீடு. அதை உடைத்தது 1965 குடியேற்றச் சட்டம். கறுப்பின மக்கள் தெருவில் அடிபட்டு நடத்திய உரிமைப் போராட்டத்தின் சூட்டில்தான் அது நிறைவேறியது. நீங்களும் நானும் இங்கே வீடு பிடித்திருப்பதில் அவர்கள் பங்கு உண்டு.

சரி, கையில் என்ன கொண்டுபோவது? சிவப்பு நிறச் சாப்பாடும் குளிர்பானமும் அன்றைய வழக்கம். ஆனால் நீங்களாகத் தர்பூசணி வாங்கிப் போகாதீர்கள். அதை வைத்துக் கறுப்பினத்தவரை இழிவுபடுத்திக் கேலிச்சித்திரம் போட்ட காலம் இருந்தது. செம்பருத்திச் சர்பத் செய்து எடுத்துப் போங்கள், அவர்கள் மேசையிலும் அது இருக்கலாம்.