புதிதாக வாங்கிய ஏர் பிஸ்டலில் ஸ்கோர் குறைந்துவிட்டது. கைக்குப் பழக எத்தனை நாள் ஆகும், எங்கிருந்து தொடங்குவது?

கேட்டவர் கிளப் பிஸ்டலில் 60 குண்டுக்கு 545 வரை அடித்தவர். சொந்தமாகப் போட்டிப் பிஸ்டல் வாங்கி மூன்று வாரமாகியும் 530ஐத் தாண்டவில்லை என்கிறார். குறிபார்க்க உதவும் சைட்டைத் தினமும் திருகிப் பார்க்கிறாராம், குண்டு ஒரே இடத்தில் விழவில்லையாம்.

தம்பி, முதலில் அந்த ஸ்குரூ டிரைவரைக் கீழே வையுங்கள். உங்கள் பிரச்சினை சைட்டில் இல்லை, கிரிப்பில், அதாவது கைப்பிடியில் இருக்கிறது என்று நினைக்கிறேன். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

நான் தண்டையார்பேட்டைக்காரன். எங்கள் பக்கத்தில் கேரம், குத்துச்சண்டை, கால்பந்து மூன்றுக்கும் தெருவுக்குத் தெரு ஆள் உண்டு. துப்பாக்கி சுடுபவர் அபூர்வம். மூன்று வருடம் கிளப் பிஸ்டலில் சுட்டுவிட்டு, சேமிப்பையெல்லாம் போட்டுச் சொந்தமாக ஒன்று வாங்கினேன். முதல் மாதம் ஸ்கோர் இறங்கியது. குண்டு இடப்பக்கம் போனால் சைட்டை வலப்பக்கம் நகர்த்துவேன், அடுத்த நாள் வேறெங்கோ போகும். கடைசியில் எங்கள் கோச் சார்தான் கண்ணை மூடிக்கொண்டு பிஸ்டலைத் தூக்கச் சொன்னார்.

நீங்களும் செய்து பாருங்கள். குண்டு போடாமல், சுவரைப் பார்த்து வழக்கம்போல நில்லுங்கள். கண்ணை மூடிக்கொண்டு பிஸ்டலைத் தூக்கி, மூச்சு அடங்கியதும் கண்ணைத் திறங்கள். முன் சைட் பின் சைட்டின் பள்ளத்தில் நடுவாக நிற்கிறதா? பத்து முறை தூக்கினால் பத்து முறையும் நிற்கிறதா? எனக்கு ஒவ்வொரு முறையும் இடப்பக்கம் ஒட்டிக்கொண்டு நின்றது. அதை நடுவுக்குக் கொண்டுவர, எனக்கே தெரியாமல் மணிக்கட்டை வளைத்துக்கொண்டிருந்தேன். முப்பது குண்டு வரை மணிக்கட்டு தாக்குப்பிடிக்கும், அப்புறம் சோர்ந்து தன் இயல்பான நிலைக்குத் திரும்பிவிடும். அதனால்தான் பாதிப் போட்டிக்கு மேல் குண்டெல்லாம் இடப்பக்கம் ஓடியிருக்கிறது.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே 32 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்துக்குள் முன் சைட் ஒரு மில்லிமீட்டர் விலகினால், 10 மீட்டர் தள்ளியிருக்கும் அட்டையில் குண்டு 31 மி.மீ. விலகும். நடுவில் பத்தில் விழ வேண்டிய குண்டு ஏழாம் வளையத்துக்குப் போய்விடும். ஆனால் சைட் இரண்டும் நேராக இருந்து, கை மட்டும் அப்படியே 5 மி.மீ. ஆடினால், குண்டும் 5 மி.மீ. தான் விலகும். பத்து வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ.; 4.5 மி.மீ. பெல்லட்டின் (ஏர் பிஸ்டல் குண்டின்) விளிம்பு கோட்டைத் தொட்டாலே பத்து என்பதால் அதுவும் பத்துதான். கை ஆடுவதை நினைத்துப் பயப்பட வேண்டாம். சைட் கோணுவதுதான் ஆளைக் கவிழ்க்கும், அந்தக் கோணலைப் பெரும்பாலும் உண்டாக்குவது கிரிப்தான்.

சரி, கிரிப்பை எப்படிச் சரிசெய்வது? சாக்பீஸைப் பொடியாக்கி உள்ளங்கை முழுவதும் தடவிக்கொள்ளுங்கள். சுடும்போது பிடிக்கிற அதே அழுத்தத்தில் பிஸ்டலைப் பிடித்து, ஐந்து வரை எண்ணிவிட்டுக் கையை எடுங்கள். மரத்தில் எங்கெல்லாம் வெள்ளை ஒட்டியிருக்கிறதோ அங்கெல்லாம் கை தொடுகிறது. என் கிரிப்பில் விரல்களின் தடம் அழகாக விழுந்திருந்தது. சுண்டுவிரல் பக்கம், உள்ளங்கையின் அடியில் மட்டும் ஒரு ரூபாய் அளவுக்கு மேல் மரம் வெறுமையாக இருந்தது. அங்கே தாங்கல் இல்லாததால் பிஸ்டல் கைக்குள் திரும்பிக்கொண்டே இருந்திருக்கிறது.

தெருமுனை ஹார்டுவேர் கடையில் எம்-சீல் வாங்கிப் பிசைந்து, அந்த இடத்தில் மெல்லிய பூரி போல ஒட்டினேன். அதன்மேல் ஒரு பாலிதீன் தாளைப் போட்டு, நிஜமாகக் குறிபார்ப்பதுபோல் நின்று பிடித்தேன். கைரேகை தவிர மற்றதெல்லாம் பதிந்துவிட்டது. மறுநாள் உப்புத்தாளால் தேய்த்து விளிம்பை மரத்தோடு சமமாக்கினேன். பிறகு திரும்பவும் சாக்பீஸ், திரும்பவும் கண்ணை மூடித் தூக்குவது. இரண்டாம் தடவையில் முன் சைட் நடுவில் வந்து நின்றது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

ஒன்றைக் கவனியுங்கள்: அதிகமாக இருக்கும் இடத்தைச் செதுக்குவதற்கு முன் பத்து முறை யோசியுங்கள். ஒட்டியதை எடுத்துவிடலாம், செதுக்கியதை ஒட்ட முடியாது. போட்டியில் உபகரணச் சோதனை உண்டு. பிஸ்டல் 420 × 200 × 50 மி.மீ. பெட்டிக்குள் அடங்க வேண்டும், எடை 1,500 கிராமைத் தாண்டக் கூடாது, கிரிப் மணிக்கட்டுக்கு முட்டுக் கொடுக்கக் கூடாது.

அடுத்தது ட்ரிகர். விதிப்படி அது குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும். வீட்டில் பார்க்க, அண்ணாச்சி கடையில் 500 கிராம் எடைக்கல்லைக் கேட்டு வாங்கிவந்தேன். பெல்லட் போடாமல் பிஸ்டலைச் சுடத் தயார்நிலைக்குக் கொண்டுவந்து, குழல் மேலே பார்க்க நிறுத்தி, ட்ரிகரில் கயிற்றைக் கோத்துக் கல்லைத் தரையிலிருந்து மெதுவாகத் தூக்க வேண்டும். கல் தரையை விட்டு எழும்பியும் ட்ரிகர் விழாவிட்டால் தேர்ச்சி. நான் மூன்று ஒரு ரூபாய் நாணயங்களையும் சேர்த்துக் கட்டுவேன், ஏறக்குறைய 10 கிராம் கூடும். சோதனை மேசையில் அந்தப் பத்து கிராம் நிம்மதி தரும். ட்ரிகரை இரண்டு கட்டமாக இழுக்கிறோம்: முதலில் ஒரு தடை வரை, பிறகு அதைத் தாண்டினால் குண்டு பாயும். இந்த எடையில் முதல் கட்டத்தில் எவ்வளவு, இரண்டாம் கட்டத்தில் எவ்வளவு என்பது அவரவர் விரலைப் பொறுத்தது. முதல் கட்டத்தில் பெரும்பகுதியை வாங்கிக்கொண்டு, இரண்டாவதில் கொஞ்சம் மட்டும் மிச்சம் வைப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

இதற்கெல்லாம் பெல்லட் தேவையே இல்லை. பிஸ்டலில் ட்ரை ஃபயர், அதாவது குண்டில்லாமல் ட்ரிகரை மட்டும் இழுத்துப் பழகும் வசதி இருக்கும். எங்கள் வீட்டு முன்னறை 14 அடிதான், வெள்ளைச் சுவர் ஒன்று போதும். சுவரில் குறி எதையும் வரையாதீர்கள். குறி இருந்தால் கண் அங்கே ஓடிவிடும், முன் சைட் எப்போது துள்ளியது என்று தெரியாமல் போய்விடும். தினமும் இருபது நிமிடம் செய்தேன். மொட்டைமாடியில் 33 அடி கிடைக்கிறதே என்று அங்கே பெல்லட் போட்டுச் சுட மட்டும் கூடாது. நம் பக்கம் மாடியோடு மாடி ஒட்டியிருக்கிறது, துணி காயப்போட யார் எப்போது வருவார்கள் என்று சொல்ல முடியாது.

ரேஞ்சுக்குப் போனதும் முதல் இரண்டு வாரம் அட்டையைத் திருப்பி வைத்து, வெள்ளைப் பக்கத்திலேயே சுடுங்கள். எண் தெரியாது, குண்டுகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்பது மட்டும் தெரியும். நெருக்கம் வந்தபிறகுதான் சைட்டைத் தொட வேண்டும். அதுவும் பத்துப் பத்தாக இரண்டு குரூப் சுட்டு, இரண்டின் நடுவும் ஒரே பக்கம் விலகியிருந்தால் மட்டும். எத்தனை கிளிக், எந்தப் பக்கம் என்று நோட்டில் எழுதிவையுங்கள்.

கடலோரத்தில் இருக்கிறோம் என்பதையும் மறக்காதீர்கள். காசிமேட்டுக் காற்று இரும்பைச் சும்மா விடாது. சுட்டு முடித்ததும் உலோகப் பகுதியை எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, பெட்டியில் சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு வைக்கிறேன். பிஸ்டலின் காற்றுச் சிலிண்டரைக் கைப்பம்பால் நிரப்பினால் இங்கிருக்கும் ஈரமும் உள்ளே போகும். ரேஞ்சில் உலர்ந்த காற்று உள்ள பெரிய சிலிண்டரிலிருந்து, அழுத்தம் 200 பாரைத் தாண்டாமல், மெதுவாக நிரப்புவது நல்லது. எலக்ட்ரானிக் ட்ரிகர் என்றால் மாற்று பேட்டரி பையிலேயே இருக்கட்டும். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் வீராங்கனை மனு பாக்கருக்குத் தகுதிச் சுற்று நடுவே பிஸ்டல் கோளாறாகி, பொன்னான நிமிடங்கள் போயின. அவரே 2024இல் பாரிஸில் அதே 10 மீட்டர் பிரிவில் வெண்கலம் வென்றார்.

எத்தனை நாள் என்று கேட்டீர்கள். எனக்குப் பழைய ஸ்கோர் திரும்ப இரண்டரை மாதம், அதைத் தாண்ட நான்கு மாதம் ஆனது. அதில் முதல் மாதம் முழுக்கச் சைட்டைத் திருகியதில் போய்விட்டது, உங்களுக்கு அது மிச்சமாகட்டும். நாளைக்கே சாக்பீஸ் சோதனையைச் செய்துவிட்டு, வெள்ளை எங்கே ஒட்டவில்லை என்று எழுதுங்கள். எந்த இடத்தில் ஒட்ட வேண்டும் என்று சேர்ந்து பார்ப்போம்.