சூளைக்குப் போகும் பிள்ளைகளின் படிப்பு எங்கே அடிபடுகிறது?

கிராமத்தில் வேலை செய்யும் பிள்ளைகள் படிப்பில் பின்தங்குவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். பள்ளியை விட்டு நின்ற பிறகுதான் படிப்பு கெடுகிறது என்றில்லை. பதிவேட்டில் பெயர் இருக்கும்போதே பாதி போய்விடும். செங்கல் சூளையைப் பார்த்தால் இது விளங்கும்.

பொங்கல் கழிந்ததும் திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்துக் குடும்பங்கள், மேஸ்திரியிடம் வாங்கிய முன்பணத்தைக் கழிக்கச் சூளைக்குக் கிளம்பும். மழை பிடிக்கும்வரை அங்கேதான். கூலி 1000 கல்லுக்கு இவ்வளவு என்று குடும்பத்துக்கே சேர்த்துப் பேசுவார்கள். பிள்ளையின் பெயர் எந்தக் கணக்கிலும் வராது. வெயிலுக்கு முன்பே முடிக்க நள்ளிரவு தாண்டி எழுந்து, மண்ணை அச்சில் வைத்துக் கல் அறுப்பார்கள். இன்னும் சுடாத பச்சைக்கல் ஒரு பக்கம் காய்ந்ததும் புரட்டி வைக்க வேண்டும். அந்த வேலை பிள்ளைகள் தலையில் விழும். அருகிலேயே பள்ளி இருந்தாலும் காலை வகுப்பில் அந்தப் பிள்ளை தூங்கித்தான் விழும்.

தொடக்க வகுப்புகளில் முப்பருவ முறை. மூன்றாம் பருவம் ஜனவரியில் தொடங்கும். அதாவது, வருடாவருடம் விடுபடுவது அதே பருவம். 3ஆம் வகுப்பில் விட்டதை 4ஆம் வகுப்பில் யாரும் திரும்ப நடத்துவதில்லை; முதலில் உதைப்பது கணக்குப் பாடம். 8ஆம் வகுப்புவரை தேர்ச்சி உண்டு என்பதால் ஓட்டை 9இல்தான் வெளியே தெரியும். (அதற்காக ஃபெயில் போடச் சொல்லவில்லை. போட்டால் முதலில் வெளியேறுவது இவர்கள்தான்.)

ஆசிரியர்கள் ஆண்டு வருகை சதவீதத்தை நம்ப வேண்டாம். 200 நாளில் 70 நாள் வராவிட்டாலும் 65 சதவீதம் காட்டும். மாதவாரியாகப் பாருங்கள். குடும்பம் கிளம்பும்போதே மாற்றுச் சான்றிதழ் கொடுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு அதைத் தாமதிக்கக் கூடாது என்கிறது. கல்வித் துறையின் இணையப் பதிவேடான எமிஸில், பள்ளி மாறும் பிள்ளைகளுக்கான பொதுப் பட்டியலுக்கு (காமன் பூல்) பெயரை அனுப்பினால்தான் சூளைப் பக்கத்துப் பள்ளி அந்தப் பதிவேட்டில் சேர்த்துக்கொள்ள முடியும். எண்ணிக்கை குறையும் என்று பெயரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் பிள்ளைக்கு இரண்டு பள்ளியும் இல்லாமல் போகிறது. இடைநின்றவர் பட்டியலிலும் வராது, சிறப்புப் பயிற்சியும் கிடைக்காது.

‘குடும்பத்தோடுதானே வேலை செய்கிறான்’ என்ற சமாதானம் செல்லாது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தம் 14 வயதுக்குட்பட்டவர்களுக்கு விட்ட விலக்கு, பள்ளி நேரம் போகக் குடும்பத்தின் சொந்தத் தொழிலில் உதவுவதற்கு. சூளை முதலாளியுடையது.

ஜூனில் திரும்பி வரும் பிள்ளைக்குப் புது வகுப்புப் பாடத்தைத் தொடங்குவதற்கு முன், போன வருட மூன்றாம் பருவப் புத்தகத்திலிருந்து பத்துக் கணக்கு கொடுத்துப் பாருங்கள். எதில் நிற்கிறதோ அங்கிருந்து தினம் அரை மணி நேரம் தனியாக நடத்துங்கள்.