அட்டையில் பற்சக்கரம் இருந்தால் போதுமா?

கேள்வி: பித்தளைப் பற்சக்கரம், ஆகாயக் கப்பல், நெற்றியில் தடித்த கண்ணாடி ஏற்றிய பெண் என்று அட்டையைப் பார்த்து மயங்கி, இணையத்தில் ஓர் ஆங்கில நாவலை 600 ரூபாய்க்கு வாங்கினேன். 'ஸ்டீம்பங்க்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பாதி தாண்டியும் தேநீர் விருந்தும் காதலும்தான் வருகின்றன. இந்த வகையில் நல்ல நாவலைத் தேர்ந்தெடுப்பது எப்படி?
– கல்லூரி மாணவர், கும்பகோணம்

பதில்: அந்த 600 ரூபாயில் பெரும்பகுதி அட்டைக்கே போய்விட்டது. நீராவி இயந்திரம் கோலோச்சிய 19ஆம் நூற்றாண்டை எடுத்துக்கொண்டு, அன்றைய விஞ்ஞானம் வேறு வழியில் ஓடியிருந்தால் உலகம் என்னவாகியிருக்கும் என்று கற்பனை செய்யும் கதைகள்தான் ஸ்டீம்பங்க். கே. டபிள்யூ. ஜீட்டர் என்ற அமெரிக்க எழுத்தாளர், தாமும் நண்பர்களும் எழுதிவந்த கதைகளுக்கு 1987இல் 'லோக்கஸ்' என்ற அறிவியல் புனைகதைப் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில் பாதி விளையாட்டாகச் சூட்டிய பெயர் அது. பின்னாளில் வியாபாரிகள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். எந்தக் காதல் கதைக்கும் தொப்பியில் ஒரு பற்சக்கரத்தைச் செருகி இந்தப் பெயரில் விற்கிறார்கள்.

நான் பார்க்கும் சோதனை ஒன்றுதான். உங்கள் ஊர்ப் பக்கத்தில் நெல் அவிக்கும் மில்லுக்குள் போயிருப்பீர்கள். உமியைத் தள்ளிப் பாய்லரை எரியவைப்பவர், அழுத்தம் காட்டும் முள்ளின் மீது ஒரு கண் வைத்தபடியே இருப்பார். வால்வைத் திறந்ததும் தொட்டியிலிருந்து வெள்ளையாக ஆவி எழுந்து, அவித்த நெல்லின் வாடை முகத்தில் அறையும். சூடு, சாம்பல், வியர்வை, கூலி எல்லாம் சேர்ந்ததுதான் நீராவி. கதையிலும் அது தெரிய வேண்டும். ஆகாயக் கப்பல் பறக்கிறது, சரி. அதற்குக் கரி அள்ளிப் போடுகிறவன் யார்? அவனுக்கு என்ன கிடைக்கிறது? கப்பல் யாருடைய சொத்து? முதல் இரண்டு அத்தியாயங்களுக்குள் இவற்றில் ஒன்றையாவது ஆசிரியர் தொட்டிருந்தால் துணிந்து வாங்கலாம். மின்நூல் கடைகளில் பெரும்பாலான நூல்களின் தொடக்கப் பக்கங்களை இலவசமாகவே படிக்க முடிகிறது. அதைப் படிக்காமல் அச்சுப் புத்தகத்துக்குப் பணம் கட்டாதீர்கள்.

எல்லாப் பட்டியல்களிலும் முதலில் நிற்பது வில்லியம் கிப்சனும் புரூஸ் ஸ்டெர்லிங்கும் சேர்ந்து 1990இல் வெளியிட்ட 'தி டிஃபரன்ஸ் இன்ஜின்'. 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயக் கணித அறிஞர் சார்லஸ் பாபேஜ் தம் வாழ்நாளில் முடிக்க முடியாமல் போன கணக்குப் பொறியை, அவர் முடித்தே விட்டார் என்று வைத்துக்கொண்டு எழுதிய நாவல். பாபேஜின் வரைபடங்களை வைத்து லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் பின்னர் அப்படியொரு பொறியை உண்மையிலேயே செய்து பார்த்தது. 8,000 பாகங்கள், 5 டன் எடை, கணக்கும் பிசகவில்லை. ஆனாலும் இந்த நாவலை முதல் புத்தகமாக நான் சொல்லமாட்டேன். நடை வறட்சி, பாதியில் மூடிவைத்தவர்கள் அநேகம்.

பி. ஜெலி கிளார்க்கின் 'தி ஹான்டிங் ஆஃப் ட்ராம் கார் 015' (2019) சின்னப் புத்தகம். 1912ஆம் ஆண்டுக் கெய்ரோ, ஆங்கிலேயர் வெளியேறிவிட்டார்கள், ஜின் எனும் பூதங்களின் வித்தையும் பொறியியலும் சேர்ந்து நகரத்தை வளர்த்திருக்கின்றன. ஒரு ட்ராம் வண்டியில் ஏதோ புகுந்துகொள்கிறது, விசாரிக்க அரசு அதிகாரிகள் இருவர் வருகிறார்கள். அந்தத் துரத்தலுக்கு நடுவிலேயே பெண்கள் வாக்குரிமை கேட்டுத் தெருவில் நிற்பதும் வந்துவிடுகிறது. ஒரே மூச்சில் முடிக்கலாம். பிடித்திருந்தால் அதே ஆசிரியரின் பெரிய நாவலான 'எ மாஸ்டர் ஆஃப் ஜின்' (2021) இருக்கிறது. பெல்ஜியம் அரசர் லியோபோல்டின் பிடியில் சீரழிந்த காங்கோவை வைத்து நிசி ஷால் எழுதிய 'எவர்ஃபேர்' (2016) கனமானது, பாத்திரங்களும் அதிகம். லண்டன் பிரபுக்களின் பக்கமாக நிற்காமல், ஆளப்பட்டவர்களின் பக்கமாக நின்று எழுதியவை இவை மூன்றும். நமக்கு எளிதில் ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: ஜூல்ஸ் வெர்னின் நீர்மூழ்கிக் கப்பல் தலைவர் கேப்டன் நீமோ ஓர் இந்திய இளவரசர் என்கிறார் நண்பர். நான் படித்த 'ட்வென்டி தவுசண்ட் லீக்ஸ்' புத்தகத்தில் அப்படி எதுவும் இல்லை. எந்தப் பதிப்பை வாங்கலாம்? தமிழில் கிடைக்குமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: நண்பர் சொன்னது சரி. ஆனால் அந்த விவரம் நீங்கள் படித்த நாவலில் வராது. 1875இல் முடிந்த 'தி மிஸ்டீரியஸ் ஐலண்ட்' நாவலில்தான் நீமோ தம் கதையைச் சொல்கிறார்: புந்தேல்கண்ட் இளவரசர் டக்கார், 1857 கிளர்ச்சியில் நின்று போரிட்டுக் குடும்பத்தை இழந்தவர்.

இங்கேதான் கவனம் வேண்டும். வெர்ன் எழுதியது பிரெஞ்சில். 1870களில் வந்த ஆங்கில மொழிபெயர்ப்புகள் உரிமைக் காலம் முடிந்தவை என்பதால், கண்ட கண்ட நிறுவனங்கள் அவற்றையே பளபளப்பான அட்டை போட்டு விற்கின்றன. 'ட்வென்டி தவுசண்ட் லீக்ஸ்' என்ற கடலடி நாவலை முதலில் ஆங்கிலமாக்கிய மெர்சியர், மூலத்தில் ஏறக்குறைய கால் பங்கை வெட்டிவிட்டார். கிங்ஸ்டன் பெயரில் வந்த 'மிஸ்டீரியஸ் ஐலண்ட்' ஆங்கிலேயர் மீது நீமோவுக்கிருந்த கோபத்தை நீர்த்துப்போகச் செய்துவிட்டது. நீங்கள் தேடிப்போவதே அந்தக் கோபத்தைத்தானே! ஆகவே மொழிபெயர்ப்பாளர் பெயரைப் பார்க்காமல் வாங்க வேண்டாம். பெயரே அச்சிடாத பதிப்பு என்றால் அப்படியே வைத்துவிடுங்கள். முதல் நாவலுக்கு ஆக்ஸ்ஃபோர்ட் வெளியிட்ட வில்லியம் புட்சர் மொழிபெயர்ப்பு நம்பகமானது. காசு செலவழிக்க மனமில்லை என்றால், எஃப். பி. வால்டரின் முழு மொழிபெயர்ப்பு புராஜெக்ட் குட்டன்பெர்க் தளத்தில் இலவசமாகவே இருக்கிறது. இரண்டாவதற்கு ஜோர்டன் ஸ்டம்ப் மொழிபெயர்ப்பைக் கேட்டு வாங்குங்கள்.

வெர்ன் 1880இல் எழுதிய 'தி ஸ்டீம் ஹவுஸ்' முழுக்க இந்தியாவில் நடக்கிறது. நீராவியில் நடக்கும் இரும்பு யானை ஒன்று இரண்டு வீடுகளை இழுத்துக்கொண்டு கல்கத்தாவிலிருந்து இமயமலை நோக்கிப் புறப்படுகிறது. யானைக்காகவே படிக்கலாம். 1857 கிளர்ச்சித் தலைவர் நானா சாகிப் வில்லன், வெள்ளைக்காரர்கள் நல்லவர்கள் என்ற பார்வையைச் சகித்துக்கொள்ள வேண்டும். ஆங்கிலத்தில் இது 'தி டீமன் ஆஃப் கான்பூர்', 'டைகர்ஸ் அண்ட் ட்ரெய்ட்டர்ஸ்' என்று இரண்டு பாகங்களாக வந்தது. ஒன்றை மட்டும் வாங்கிவிட்டு, முடிவைக் காணோமே என்று தேட வேண்டாம்.

தமிழில் வெர்ன் பெரும்பாலும் சிறுவர்களுக்கான சுருக்கமாகத்தான் கிடைக்கிறார். 400 பக்க நாவல் 120 பக்கத்தில் வந்தால் அது சுருக்கமே, அட்டையில் என்ன போட்டிருந்தாலும். தமிழிலேயே எழுதிய ஸ்டீம்பங்க் நாவல் ஒன்றைக் கைகாட்ட என்னிடம் இல்லை. 1861இலேயே நாகப்பட்டினத்துக்கும் தஞ்சாவூருக்கும் இடையே நீராவி ரயில் ஓடிய மண்ணில் இப்படி ஒரு குறை!

கேள்வி: எட்டாவது படிக்கும் மகனுக்கு வாங்க வேண்டும். காமிக்ஸ் பைத்தியம். ஆங்கிலம் சுமார்.
– மயிலாடுதுறை வாசகி

பதில்: ஸ்காட் வெஸ்டர்ஃபெல்டின் 'லெவியதன்' (2009). முதல் உலகப் போரில் ஒரு தரப்பு இரும்பு நடைப்பொறிகளாலும், மறு தரப்பு உயிரினங்களையே மாற்றி உருவாக்கிய ஆகாயக் கப்பல்களாலும் மோதுகின்றன. கீத் தாம்சனின் கோட்டோவியங்கள் நிறைய இருப்பதால் காமிக்ஸ் பழக்கம் உள்ள பையனுக்கு ஆங்கிலம் அவ்வளவாகத் தடையாக இருக்காது. கதை மூன்று பாகங்களில்தான் முடிகிறது. முதல் பாகத்தை மட்டும் வாங்கிக் கொடுத்துப் பாருங்கள். மீதி இரண்டை அவனே கேட்பான். பாகம் பாகமாக வேண்டாம் என்றால் ஃபிலிப் ரீவின் 'மார்டல் இன்ஜின்ஸ்' (2001). சக்கரத்தில் உருளும் லண்டன் நகரம் சிறிய ஊர்களை விரட்டி விழுங்குகிறது. தொடர்ச்சிகள் உண்டு, ஆனால் முதல் புத்தகம் தனியாகவே நிற்கும். மரணங்கள் அதிகம், நீங்களும் ஒருமுறை புரட்டிவிடுங்கள்.

கேள்வி: இணையச் சந்தையில் பாதி விலைக்குக் கிடைத்ததே என்று வாங்கினேன். மங்கிய அட்டை, சாய்ந்த எழுத்து, நடுவில் 16 பக்கம் இல்லை. திருப்பி எடுக்க மறுக்கிறார் விற்பனையாளர்.
– நாகப்பட்டினம் வாசகர்

பதில்: நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் திருட்டுப் பதிப்பாகத்தான் தெரிகிறது. அட்டை, பதிப்பக விவரம் உள்ள பக்கம், விடுபட்ட இடத்தின் முன்பின் பக்க எண்கள், உறை மேல் ஒட்டிய முகவரிச் சீட்டு, ரசீது எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். விற்பனையாளரோடு மல்லுக்கட்ட வேண்டாம், சந்தைத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கே எழுதுங்கள். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக அவர் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே போக வேண்டுமானால், விற்பவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஒரு நாவலுக்காக ஆணையம் ஏறுவது உங்கள் பொறுமையைப் பொறுத்தது. 1915இல் புகாரைப் பதிவதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.