தாழ்மை யாருக்கு?

கேள்வி: எங்கள் சபையின் ஆண்டறிக்கையை ஒன்பது வருடமாக நான்தான் எழுதுகிறேன். ஓய்வுநாள் பள்ளி, வாலிபர் சங்கம், பாடகர் குழு என்று ஒவ்வொருவரிடமும் விவரம் வாங்கி, கண்விழித்து எழுதுவேன். செயலாளர் அதைத் தான் எழுதியதுபோல் வாசித்துக் கைதட்டல் வாங்குகிறார். இந்த முறை கேட்டேவிட்டேன். "பேர் புகழ் தேடலாமா? கிறிஸ்தவனுக்குத் தாழ்மை வேண்டாமா?" என்கிறார். தாழ்மை என்றால் வாயை மூடிக்கொண்டு இருப்பதா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: இல்லை. உங்கள் செயலாளர் வசனத்தைச் சரியாகத்தான் படித்திருக்கிறார், ஆனால் உங்களுக்காகப் படித்திருக்கிறார். தாழ்மையில் இதுதான் சிக்கல். அடுத்தவரிடம் இல்லாதபோதுதான் அது நம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும்.

யோவான் 13-ஆம் அதிகாரத்தில் இயேசு பந்தியை விட்டு எழுந்து, சீலையை (துண்டை) அரையில் கட்டிக்கொண்டு, சீஷருடைய கால்களைக் கழுவுகிறார். குனிந்தவர் போதகர். சீலையைப் பேதுருவின் கையில் கொடுத்து, "உனக்குத் தாழ்மை வேண்டாமா, கழுவு" என்று அவர் சொல்லவில்லை. அன்றைக்குக் கூச்சப்பட்டு மறுத்த அதே பேதுருதான் பிற்பாடு, "மனத்தாழ்மையை அணிந்துகொள்ளுங்கள்" என்று எழுதுகிறார். அந்தக் கிரேக்க வினைச்சொல்லுக்கு முடிச்சுப் போட்டுக் கட்டிக்கொள்வது என்று பொருள். எழுதும்போது அந்தச் சீலை அவர் நினைவுக்கு வந்திருக்கும் என்பது என் ஊகம். எப்படியானாலும், அவரவர் தமக்குக் கட்டிக்கொள்வது அது. பிறருக்குக் கட்டிவிடுவதல்ல.

சரி, அநியாயத்தைக் கேட்கலாமா? பவுலைப் பாருங்கள். பிலிப்பி பட்டணத்தில் விசாரணையே இல்லாமல் அவரையும் உடனிருந்த சீலாவையும் அடித்துச் சிறையில் போட்டார்கள். மறுநாள் அதிகாரிகள், சத்தம் போடாமல் போகட்டும் என்று ஆள் அனுப்பினார்கள். பவுல் நகரவில்லை. ரோமக் குடிமக்களாகிய எங்களை எல்லார் முன்னும் அடித்துவிட்டு இரகசியமாய் அனுப்புவதா, அவர்களே வந்து அழைத்துப் போகட்டும் என்றார். வந்தார்கள். பிற்காலத்தில் அதே பிலிப்பி சபைக்குத்தான் அவர், "மனத்தாழ்மையினாலே ஒருவரையொருவர் தங்களிலும் மேன்மையானவர்களாக எண்ணக்கடவீர்கள்" என்று எழுதினார். சபையார் யாரும் குழம்பியிருக்க மாட்டார்கள். பிரதான ஆசாரியன் முன்னால் தம்மை அறைந்த சேவகனிடம் இயேசுவும், "என்னை ஏன் அடிக்கிறாய்?" என்று கேட்டார்.

ஆகவே நீங்கள் கேட்டது தவறில்லை. கேட்ட விதம் எனக்குத் தெரியாது.

அப்புறம் இன்னொரு வகைத் தாழ்மை உண்டு. கொலோசெயர் நிருபம் அதை "மாயமான தாழ்மை" என்கிறது. "தூளும் சாம்பலுமாகிய அடியேன்" என்று உருக்கமாய் ஜெபிக்கிற ஒருவரிடம், ஆராதனை முடிந்ததும் "ஆமாம் ஐயா, நீங்கள் சொன்னது ரொம்பச் சரி" என்று சொல்லிப் பாருங்கள். ஒரு மாதம் பேச மாட்டார். பாராட்டினால் "ஐயோ, நான் என்ன செய்தேன்" என்று நெளிவதும் பல நேரம் இரண்டாவது பாராட்டுக்கான விண்ணப்பம்தான். நன்றி என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. "தவறு என்னுடையது" என்று சொல்லி, பின்னால் ஓர் "ஆனால்" சேர்க்காமல் நிறுத்துவதுதான் கடினம். எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

இனி உங்களுக்கு. மத்தேயு 18 சொல்கிறபடி, செயலாளரும் நீங்களும் தனித்திருக்கையில் பேசுங்கள். எழுதியவர் பெயரை அறிக்கையிலேயே குறிப்பிடலாம் என்று நேராகச் சொல்லுங்கள். அதில் கர்வம் எதுவும் இல்லை, அது உண்மைத் தகவல். கூடவே, உங்களுக்கு வருடா வருடம் விவரம் எழுதித் தருகிற ஓய்வுநாள் பள்ளிக்காரர், வாலிபர் சங்கத்துக்காரர், பாடகர் குழுக்காரர் பெயர்களையும் சேர்க்கச் சொல்லுங்கள். ஒன்பது வருடத்தில் நீங்கள் எழுதிய அறிக்கைகளில் அவர்கள் பெயர் இருந்ததா?