மயிலுக்கும் பன்றிக்கும் பயந்து கொல்லையைச் சுற்றிப் பழைய மீன்வலை கட்டலாமா? பாம்பு, கீரி சாகாமல் வேலி போட வழி உண்டா?

வேதாரண்யம் பக்கம் ஒன்றரை ஏக்கரில் கடலையும் கத்தரியும் போட்டிருக்கிறேன், பழைய மீன்வலை மலிவாகக் கிடைக்கிறது, கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் கட்டிப் பார்த்தவன்தான். கட்டாதீர்கள்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் கொல்லையின் ஒதியன் வேலி மொத்தமும் படுத்துவிட்டது. மறுபடி போத்து, அதாவது வெட்டி நடும் கிளை, நட ஆளும் இல்லை, கையில் காசும் இல்லை. கடற்கரையில் கழித்துப் போட்டிருந்த தங்கூசி வலையை, அதுதான் மெல்லிய நைலான் நரம்பு வலை, வாங்கி வந்து மூங்கில் கழிகளில் சுற்றிவிட்டேன். ஒரு மாதம் நிம்மதியாகத் தூங்கினேன். பிறகு ஒரு விடியற்காலை, வலை ஓரம் கயிறு மாதிரி ஏதோ சுருண்டு கிடந்தது. கிட்டப் போனால் ஆறடிச் சாரை. கழுத்துக்குக் கீழே நாலைந்து கண்ணி சதைக்குள் இறங்கியிருந்தது. பாம்பின் செதில் வால் பக்கம் பார்த்துப் படிந்திருக்கும். கண்ணிக்குள் தலை நுழைந்துவிட்டால் முன்னால்தான் போக முடியும், பின்வாங்க முடியாது. திமிறத் திமிற நூல் இறுகும். பக்கத்துக் கொல்லைச் சித்தப்பா ஈரச்சாக்கைப் போட்டு அமுக்கிக்கொள்ள, சின்னக் கத்தரிக்கோலால் ஒவ்வொரு நூலாக வெட்டினேன். முக்கால் மணி நேரம் ஆனது. “மயிலுக்குக் கட்டுன வலைல எலி புடிக்கிறவன்ல மாட்டியிருக்கான்” என்றார். அது பிழைத்தது. அடுத்து மாட்டிய கூகை பிழைக்கவில்லை. வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். என் வேலியில் ஓணானே காய்ந்து தொங்கியது. அந்தப் பருவம் எலி எவ்வளவு கடலையைத் தின்றது என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

தங்கூசி மீனுக்கே தெரியக்கூடாது என்று செய்த நூல். இருட்டில் கூகைக்கு மட்டும் எப்படித் தெரியும்? அதோடு தொய்வு, நடுத்தரக் கண்ணி. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் வீட்டுப் பழமரங்களுக்குப் போடும் வலையை இழுத்துப் பிடித்தாலும் கண்ணி 5 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று 2021 செப்டம்பர் முதல் விதி. சுண்டுவிரல் உள்ளே போனால் அந்த வலை ஆகாது, அவ்வளவுதான் கணக்கு. நாற்றங்காலுக்கு வலை வேண்டுமென்றால் அப்படிப் பொடிக் கண்ணியாக, வெள்ளை நிறத்தில், முரசுத்தோல் மாதிரி விறைப்பாகக் கட்டுங்கள். நாற்று தேறியதும் அவிழ்த்துவிடுங்கள்.

மயில் எப்படியும் பறந்து உள்ளே இறங்கிவிடும். விதை போட்ட முதல் இரண்டு வாரமும், காய் முற்றும் நேரத்திலும் ஆள் காவல்தான் எனக்கு வேலை செய்தது. பளபள ரிப்பனுக்கு மயில் நாலு நாளைக்குத்தான் பயப்படும். மயில் 1972ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, உங்கள் வலையில் செத்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

பன்றிக்கு உயிர்வேலி போதாது, ஒத்துக்கொள்கிறேன். கெட்டியான கம்பிவலையை இழுத்துக் கட்டி, அடிப்பக்கத்தை ஒரு முழம் மண்ணுக்குள் புதைக்க வேண்டும். செலவுதான். ஆனால் கம்பி தொய்யாது, இறுகாது. பாம்பும் ஓணானும் அந்தக் கண் வழியாகப் போய் வரும். முள்கம்பி மட்டும் வேண்டாம். கோடியக்கரைச் சரணாலயம் உங்களுக்குப் பக்கம். 1967இல் வெளிமானுக்காகவே அறிவித்த இடம். நாய் துரத்தி வரும் மானுக்கு முள் கண்ணில் படாது. ஏற்கனவே முள்கம்பி இருந்தால் மேல் வரிசையையும் அடி வரிசையையும் வெறும் கம்பியாக மாற்றி, இடையிடையே வெள்ளைத் துணி கட்டுங்கள்.

மோட்டார் கொட்டகையிலிருந்து நேராக கரண்ட் இழுப்பதைப் பற்றிப் பேசவே எனக்குப் பிடிக்கவில்லை. 2023 மார்ச்சில் தர்மபுரி மாரண்டஅள்ளி அருகே மூன்று யானைகள் செத்தது அப்படிப்பட்ட கம்பியில்தான். நம் பக்கம் எலிக்குப் போட்ட கம்பியை விடிகாலையில் தண்ணீர் பாய்ச்சப் போன மனிதரே மிதித்திருக்கிறார். முறையான சோலார் வேலி வேறு, அது நொடிக்கு ஒருமுறை சுளீரென்று அடித்துவிட்டு விடும். எலிக்கு மூங்கில் கிட்டிப் பொறி இருக்கிறது. தென்னை மட்டையைத் தலைகீழாக நட்டு வைத்தால் ராத்திரி கூகை வந்து உட்காரும்.

வலையில் ஏதாவது மாட்டினால் இழுக்காதீர்கள். சுற்றிலும் வலையை வெட்டி, அப்படியே துணியால் மூடி நிழலில் வையுங்கள். நல்ல பாம்பென்றால் கிட்டப் போக வேண்டாம், தீயணைப்புக்காரர்களுக்கு 101இல் சொல்லுங்கள்.

என் கொல்லையில் இப்போது மறுபடி ஒதியனும் கிளுவையும், இடைவெளியில் நொச்சி. அடர்த்தியாக மூன்று வருடம் ஆனது, அதுவரை மூங்கில் படல்தான். ஐப்பசி மழைக்கு முன்னால் வந்தால் உங்களுக்கும் போத்து வெட்டித் தருகிறேன். வண்டி மட்டும் நீங்கள் கொண்டு வரவேண்டும்.