ஆசிரியர் கேள்வி – பதில்: குடவோலை முதல் ஜி.எஸ்.டி. பில் வரை

கேள்வி: ஓலையில் பெயர் எழுதிக் குடத்திலிட்டு ஊர்ச் சபைக்கு ஆள் எடுத்த குடவோலை முறையை நாடகமாக நடிக்க வைத்தேன். பிள்ளைகள் சிரித்து மகிழ்ந்தார்கள். ஆனால் தேர்வில் "சோழர் காலத்தில் மக்கள் ஓட்டுப் போட்டார்கள்" என்று எழுதி வைத்திருக்கிறார்கள். என்ன செய்வது?
– பட்டதாரி ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்

நாடகத்தில் பிள்ளைகள் வசனம் பேசுகிறார்களே தவிர, எதையும் முடிவு செய்வதில்லை. அதனால்தான் இந்தக் குழப்பம். வசனத்தை விட்டுவிட்டு விதிகளை அவர்கள் கையில் கொடுங்கள்.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்து (கி.பி. 919, 921) கல்வெட்டுகள் இருக்கின்றன. 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்லும் தகுதிகளைக் கரும்பலகையில் எழுதுங்கள்: வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35-க்கு மேல், 70-க்குள், வேதப் பயிற்சி வேண்டும், கடந்த மூன்றாண்டுகளில் வாரியத்தில் (ஊர்ச் சபையின் குழு) இருந்திருக்கக் கூடாது, முன்பு இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் கூடாது. அரைக்கால் வேலியே உள்ளவர் ஒரு வேதமும் ஒரு பாடியமும் (உரைநூல்) கற்றிருந்தால் அவருக்கு விலக்கு உண்டு. தஞ்சை வழக்கில் ஒரு வேலி என்பது ஏறக்குறைய 6⅔ ஏக்கர் என்று சொல்லிவிட்டால் நிலத்தின் அளவு பிடிபட்டுவிடும்.

45 பேர் உள்ள வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். ஊரில் 30 குடும்புகள் (இன்றைய வார்டு போன்ற பிரிவுகள்) இருந்தன. வகுப்புக்கு 6 போதும். குடும்புக்கு 7 பேர், ஆக 42 பேர். மீதி மூவரில் ஒருவர் குடத்தைத் தூக்கிக் காட்டும் முதியவர், ஒருவர் ஓலை எடுக்கும் சிறுவர், ஒருவர் ஓலையை வாங்கிப் படிக்கும் மத்தியஸ்தர். ஒவ்வொரு குடும்புக்கும் 7 ஆள் அட்டைகள்: எல்லாத் தகுதியும் உள்ளவர் இருவர்; விலக்கினால் மட்டும் தேறுபவர் ஒருவர்; ஏதேனும் ஒரு விதியில் தட்டுப்படுகிறவர்கள் நால்வர். யார் நிற்கலாம், யார் கூடாது என்று குழுவே பேசி முடிவெடுக்க 10 நிமிடம் கொடுங்கள். விலக்கு அட்டையில்தான் வாக்குவாதம் வரும். வரட்டும், அங்கே நீங்கள் தலையிட வேண்டாம்.

தேறியவர்களின் பெயரை ஒரே அளவில் வெட்டிய அட்டைத் துண்டுகளில் (2 செ.மீ. அகலம், 10 செ.மீ. நீளம்) எழுதிக் குடும்பு வாரியாகக் கட்டுங்கள். அளவு மாறினால் கைக்குத் தெரிந்துவிடும். கட்டுகள் குடத்துக்குள் போகும். சிறுவர் ஒரு கட்டை எடுப்பார்; அதை அவிழ்த்து வேறொரு வெறுங்குடத்தில் போட்டுக் குலுக்கி ஓர் ஓலையை எடுப்பார். மத்தியஸ்தர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் அதை வாங்கி உரக்கப் படிக்க வேண்டும். இந்த விரல் செய்தி கல்வெட்டிலேயே உள்ளது. ஏன் விரலை விரிக்கச் சொன்னார்கள் என்று கேளுங்கள். கையில் வேறு ஓலையை மறைத்து வைக்க முடியாது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். வாக்கு ஒப்புகைச் சீட்டு இன்று 7 வினாடி கண்ணாடிக்குள் தெரிவதற்கும் இதற்கும் உள்ள உறவை அடுத்து கேட்கலாம்.

கடைசி 15 நிமிடத்தை எதற்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். குழுவுக்கு ஒரு புது அட்டை கொடுங்கள்: குயவர், நிலமில்லாத உழவர், நெய்பவர், ஒரு பெண். "இவருடைய ஓலை எந்தக் குடத்தில்?" என்று கேளுங்கள். எந்தக் குடத்திலும் இல்லை. அது பிரம்மதேய ஊரின், அதாவது பிராமணர்களுக்குக் கொடையாகத் தரப்பட்ட ஊரின், சபை. மேலும் ஓலை எடுத்தது குலுக்கல், வாக்களிப்பு அல்ல. இன்றைய ஊராட்சியில் 21 வயது நிறைந்தவர் போட்டியிடலாம், பாதி இடங்கள் பெண்களுக்கு என்பதை அருகில் எழுதி, எது வளர்ந்தது, எது அன்றே இருந்தது என்று இரண்டு பத்தி எழுத வையுங்கள். கணக்குக் காட்டாதவரை ஒதுக்கிய விதியை மாணவர்கள் விடாமல் பிடித்துக்கொள்வார்கள். அது அந்தக் கல்வெட்டின் பெருமை.

கேள்வி: ஜூலையில் ஒரு மீட்டர் குச்சி நட்டு நிழலை அளந்தோம். 12 மணிக்கு நிழல் மிகக் குறுகியதாக இல்லை. வடக்கே விழ வேண்டிய நிழல் தெற்கே விழுந்தது. குச்சி சாய்ந்துவிட்டதா?
– சமூக அறிவியல் ஆசிரியர், கோயம்புத்தூர்

குச்சி சரியாகத்தான் நிற்கிறது. நம்முடைய கடிகாரம் 82° 30' கிழக்குத் தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகிறது. கோவை ஏறக்குறைய 77° கிழக்கில் இருக்கிறது. வித்தியாசம் 5½ பாகை. பாகைக்கு 4 நிமிடம் என்றால் 22 நிமிடம். அதோடு ஜூலை நடுவில் சூரியன் கடிகாரத்துக்குச் சுமார் 6 நிமிடம் பிந்தும். ஆகவே உங்கள் ஊரில் உச்சிப்பொழுது 12.28 வாக்கில். பூமியின் சுற்றுப்பாதை நீள்வட்டமாக இருப்பதாலும் அச்சு சாய்ந்திருப்பதாலும் இந்தப் பிந்தல் மாதத்துக்கு மாதம் மாறும். நவம்பர் தொடக்கத்தில் சூரியன் சுமார் 16 நிமிடம் முந்திவிடும்.

திசையும் சரியே. நண்பகல் நிழல் ஆண்டு முழுதும் வடக்கே விழுவது கடகரேகைக்கு வடக்கே உள்ள ஊர்களில்தான். கோவை 11° வடக்கில் இருப்பதால் ஏப்ரல் பின்பாதியிலிருந்து ஆகஸ்ட் பின்பாதி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது, நிழல் தெற்கே. ஜூலை நடுவில் ஒரு மீட்டர் குச்சிக்கு உச்சிநிழல் 18 செ.மீ. அளவு இருக்கும். டிசம்பர் 22-இல் அதே குச்சி வடக்கே 68 செ.மீ. நிழல் காட்டும். இரண்டையும் ஒரே சுவரொட்டியில் வரைந்து மாட்டினால், அச்சு சாய்வைப் பற்றி இதைவிட நல்ல படம் கிடைக்காது.

உச்சியை நேரடியாகப் பிடிக்க முயல வேண்டாம். அந்த நேரத்தில் நிழலின் நீளம் மில்லிமீட்டர் கணக்கில்தான் மாறும், மாணவர்கள் ஆளுக்கொரு நேரம் சொல்வார்கள். குச்சியை மையமாக வைத்து 30 செ.மீ. ஆரத்தில் வட்டம் போடுங்கள். நிழல்முனை வட்டத்துக்குள் நுழையும் நேரத்தையும் (11.35 வாக்கில்) வெளியேறும் நேரத்தையும் (1.20 வாக்கில்) குறியுங்கள். இரண்டின் நடுநேரம் உச்சிப்பொழுது. இரு புள்ளிகளையும் இணைக்கும் கோடு கிழக்கு மேற்கு. குச்சி செங்குத்தாக இருக்கிறதா என்பதை நூலில் கல் கட்டித் தொங்கவிட்டு இரண்டு பக்கம் பாருங்கள். தரை சரிவாக இருந்தால் எல்லாம் கெடும். சிமெண்ட் தளமே நல்லது.

கேள்வி: வகுப்புத் தலைவர் தேர்தல் எல்லாப் பள்ளியிலும் நடக்கிறது. அதைத் தாண்டி தேர்தல் முறையை எப்படிப் புரிய வைப்பது?
– ஆசிரியர், மதுரை

வாக்குகளை மாற்றாமல் தொகுதிகளை மட்டும் மாற்றிக் காட்டுங்கள். 20 பச்சை, 15 மஞ்சள், 10 நீல அட்டைகளை 45 பேருக்குக் கொடுங்கள். நிறங்கள் எந்தக் கட்சிக் கொடியையும் நினைவூட்டக் கூடாது. நினைவூட்டினால் விவாதம் வேறெங்கோ போய்விடும்.

முதல் சுற்றில் 9 பேர் கொண்ட ஐந்து தொகுதிகள். ஒவ்வொன்றிலும் 4 பச்சை, 3 மஞ்சள், 2 நீலம். ஐந்தும் பச்சைக்கு. இரண்டாம் சுற்றில் அதே பிள்ளைகளை இடம் மாற்றுங்கள்: ஒரு தொகுதியில் 9 பச்சை, இன்னொன்றில் 8 பச்சை, 1 நீலம், மீதி மூன்றிலும் தலா 1 பச்சை, 5 மஞ்சள், 3 நீலம். இப்போது மஞ்சளுக்கு மூன்று, பச்சைக்கு இரண்டு. ஒருவர்கூட மனம் மாறவில்லை, ஆட்சி மாறிவிட்டது. மூன்றாவதாக, வாங்கிய வாக்கின் அளவுக்கேற்ப இடம் தரும் விகிதாச்சார முறையில் கணக்குப் போட்டால் 2, 2, 1 என்று வரும்.

பிறகு உண்மைக் கணக்கு: 2014 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் அ.தி.மு.க. ஏறக்குறைய 44 சதவீத வாக்குகளோடு 37-ஐ வென்றது. 23 சதவீதத்துக்கு மேல் வாங்கிய தி.மு.க.வுக்கு ஓரிடமும் இல்லை. "இந்த முறை தவறு" என்று மாணவர்கள் உடனே தீர்ப்பு எழுதுவார்கள். தொகுதிக்கென்று ஒரே பிரதிநிதி இருப்பதில் என்ன நன்மை என்று எதிர்க்கேள்வி போடுங்கள். இரு பக்கமும் வாதாட வைத்தால்தான் குடிமையியல் உள்ளே இறங்கும்.

கேள்வி: சம உயரக் கோடுகள் என்றாலே மாணவர்கள் விழிக்கிறார்கள்.
– ஆசிரியை, நீலகிரி மாவட்டம்

ஒரு பெரிய உருளைக்கிழங்கை நீளவாக்கில் பாதியாக வெட்டித் தட்டையான பக்கத்தைக் கீழே வைத்தால் மலை. அடியிலிருந்து ஒவ்வொரு செ.மீ. உயரத்திலும் கோடு போட்டு, வெட்டுவதற்கு முன் மேலிருந்து கீழாக இரண்டு குச்சிகள் குத்தித் துளையிடுங்கள். ஒரு துளை போதாது, வில்லை சுழன்றுவிடும். வில்லைகளாக வெட்டி, துளைகள் பொருந்துமாறு ஒவ்வொன்றாகத் தாளில் வைத்து ஓரத்தை வரையுங்கள். செங்குத்தான பக்கத்தில் கோடுகள் நெருங்கி நிற்பதைக் கண்ணால் பார்த்த பிறகு, 1:50,000 நிலவரைபடத்தில் 20 மீட்டர் இடைவெளிக் கோடுகளைக் காட்டுங்கள்; உங்கள் மாவட்டத் தாளில் அதற்குப் பஞ்சமே இல்லை. கத்தி ஆசிரியர் கையில் மட்டும்.

கேள்வி: ஜி.எஸ்.டி. பாடத்துக்குக் கடை பில்களைக் கொண்டுவரச் சொன்னேன். கணக்கு யாருக்கும் ஒத்துப்போகவில்லை.
– ஆசிரியர், தஞ்சாவூர்

மூன்று காரணங்கள் இருக்கும். அதிகபட்ச சில்லறை விலைக்குள் வரி அடக்கம். 118 ரூபாய்ப் பொருளுக்கு 18 சதவீதம் வரி என்றால் வரி 18 ரூபாய். 118-இல் 18 சதவீதம் கண்டு 21 ரூபாய் 24 காசு என்று எழுதுவதுதான் வழக்கமான தவறு. 118-ஆல் வகுத்து 18-ஆல் பெருக்கச் சொல்லுங்கள். அடுத்து, 2025 செப்டம்பர் 22 முதல் பல பொருள்களின் விகிதம் மாறியதால் பழைய பில்லும் புதிய பில்லும் கலந்தால் ஒத்துப்போகாது. தேதி வாரியாகப் பிரியுங்கள். மூன்றாவது, தொகுப்பு வரித் திட்டத்தில் (விற்பனையில் ஒரு சிறு விகிதத்தைக் கடைக்காரரே வரியாகக் கட்டும் திட்டம்) உள்ள சிறு கடைக்காரர் வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கக் கூடாது, அவருடைய பில்லில் வரித்தொகை என்று தனியாக எதுவும் இருக்காது. பெட்ரோல் பங்க் பில் ஒன்றையும் கட்டாயம் சேருங்கள்: அதில் ஏன் ஜி.எஸ்.டி. இல்லை என்ற கேள்வியிலிருந்து மாநிலத்தின் வரி அதிகாரத்துக்கு நேராகப் போகலாம். வாடிக்கையாளர் பெயர், கைபேசி எண் உள்ள பகுதியைக் கிழித்துவிட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள்.