சீன எழுத்தில் எந்தக் கோடு முதலில்? கேள்வி பதில்

கே: அடிப்படை விதிகளைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

ப: மேலிருந்து கீழ், இடமிருந்து வலம். கோடுகள் வெட்டிக்கொண்டால் குறுக்குக்கோடு முதலில், நெடுக்குக்கோடு பிறகு. பத்து என்னும் ‘ஷி’, நம் கூட்டல் குறி போல இருப்பது, அப்படித்தான். மனிதன் என்னும் ‘ரென்’னில் இடப்பக்கம் சரியும் கோடு முந்தும். பெட்டிக்குள் ஏதாவது இருந்தால் முதலில் சட்டம், அடுத்து உள்ளே இருப்பது, கடைசியில் அடிக்கோடு. ‘ஆள் உள்ளே போன பிறகு கதவைச் சாத்து’ என்று சீனக் குழந்தைகளுக்குச் சொல்லித்தருவார்கள். இதை மட்டும் மறக்காதீர்கள்.

கே: வாய் என்னும் ‘கோவ்’ சதுரம்தானே? நான்கு கோடு என்று அகராதியில் தேடினால் கிடைக்கவில்லை.

ப: மூன்று கோடு. இடப்பக்க நெடுக்குக்கோடு ஒன்று. பிறகு மேல்கோட்டை இழுத்து, மூலையில் பேனாவை எடுக்காமல் ஒரு கணம் அழுத்தி, அப்படியே கீழே இறக்குங்கள், அது இரண்டு. அடிக்கோடு மூன்று. ‘ப’ எழுதிப் பழகிய கை கீழே இறங்கி, வலம் போய், மேலே ஏறப் பார்க்கும். சீன எழுத்தில் நெடுக்குக்கோடு கீழிருந்து மேலே ஏறவே ஏறாது. மூலைகளை வட்டமாக்கவும் கூடாது.

கே: சூரியன் என்னும் ‘ரி’யில் பெட்டியை மூடிவிட்டு நடுக்கோடு போடலாமா?

ப: கூடாது. கதவு கடைசியில்.

கே: வயல் என்னும் ‘தியென்’னில் உள்ளே இருக்கும் கூட்டல் குறிக்கு என் ஜப்பானியப் புத்தகம் நெடுக்குக்கோட்டை முதலில் போடச் சொல்கிறது. சீன ஆசிரியர் அதைத் தப்பு என்கிறார்.

ப: இரண்டும் அவரவர் நாட்டில் சரி. சீனாவில் குறுக்கு, நெடுக்கு, பிறகு அடிக்கோடு. ஜப்பானில் நெடுக்கு, குறுக்கு, அடிக்கோடு. அரசன் என்னும் ‘வாங்’கிலும் இதே கதை: சீனாவில் இரண்டு குறுக்குக்கோட்டுக்குப் பிறகு நெடுக்கு, ஜப்பானில் ஒன்றுக்குப் பிறகே நெடுக்கு. ஜப்பானியக் கல்வி அமைச்சகம் 1958இல் 881 எழுத்துகளுக்கு வரிசை வெளியிட்டது. அதில் இல்லாத வரிசைகள் தவறல்ல என்று அந்தக் கையேடே சொல்கிறது. சீனா 1997இல் 7000 எழுத்துகளுக்கு வரிசை வகுத்தது. 2021 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ள தரம் 8105 எழுத்துகளுக்கானது. தைவானுக்கு 1996இல் தனிக் கையேடு வந்தது.

கே: அப்படியென்றால் வரிசை என்பதே வெறும் சம்பிரதாயம். எழுதி முடித்த தாளில் யார் கண்டுபிடிக்கப்போகிறார்கள்?

ப: வேகமாக எழுதினால் எவரும் கண்டுபிடிப்பார்கள். ஒரு கோடு முடியும் இடத்திலிருந்து அடுத்தது தொடங்கும் இடத்துக்குப் பேனா மெல்லிய இழையாகக் கோத்துக்கொண்டு போகும். வரிசை மாறினால் இழை வேறிடத்தில் விழும், படிப்பவர் தடுமாறுவார். கைப்பேசியில், கோடுகளை வரிசைப்படி அடித்து எழுத்தைத் தேடும் கோட்டு விசைப்பலகையைத் திறந்து பாருங்கள்: குறுக்கு 1, நெடுக்கு 2, இடச்சரிவு 3, புள்ளி 4, மடிப்பு 5. சீன வரிசையில் ‘தியென்’ 25121. ஜப்பானிய வரிசையில் அடித்தால் 25211, வயல் வராது.

கே: நான் இரண்டு மொழியும் படிக்கிறேனே?

ப: கை தடுமாறாமலிருக்க ஒரு மொழியின் வரிசை ஊன்றிய பிறகு அடுத்ததைத் தொடங்குங்கள். எழுத்துப் பயிற்சிச் செயலியின் அமைப்பில் எந்த நாட்டு வரிசை என்று முதல் நாளே பாருங்கள். வலது, இடது என்னும் எழுத்துகளை வைத்துச் சோதிக்கலாம்: சீனாவில் இரண்டுமே குறுக்குக்கோட்டில் தொடங்கும், ஜப்பானில் வலது மட்டும் சரிவுக்கோட்டில்.

கே: நாடு என்னும் ‘குவோ’வின் எளிய வடிவத்துக்கு எத்தனை கோடு? பெட்டியை எப்போது மூடுவது?

ப: எட்டு. இரண்டு கோட்டில் சட்டம், ஐந்து கோட்டில் உள்ளே இருக்கும் ‘யூ’ (ஜேட் என்னும் பச்சைக்கல்), அதன் புள்ளி ஏழாவது, எட்டாவது கோடுதான் கதவு. மூடுவதைப் பற்றி இனிமேல் கேட்காதீர்கள்.

கே: இடக்கைக்காரருக்கு வரிசை மாறுமா?

ப: மாறாது. தாளைச் சாய்த்துக்கொள்ளுங்கள்.

கே: தூரிகைக்கு எந்த மை நல்லது?

ப: அதைத் தூரிகைக் கலைஞரிடம் கேளுங்கள்.

கே: வண்டி என்னும் ‘ச்சு’ தனியாக ஒரு மாதிரி, வேறெழுத்தின் இடப்பக்கத்தில் ஒரு மாதிரி வருகிறதே?

ப: நல்ல கேள்வி. தனியாக: குறுக்கு, சரிந்து மடியும் கோடு, குறுக்கு, நெடுக்கு. இடப்பக்க உறுப்பானதும் கடைசி இரண்டும் இடம் மாறும்: நெடுக்கு மூன்றாவதாகிவிடும், நான்காவது குறுக்குக்கோடு வலப்பக்கம் மேல்நோக்கிச் சாயும். அந்தச் சாய்வு, பேனாவை வலப்பாதியின் முதல் கோட்டருகே கொண்டுபோய் விடுகிறது. மாடு என்னும் ‘நியூ’வும் இடப்பக்கத்தில் இதே போல மாறும்.